ஞாயிறுக்கும் காய்ச்சலுக்கும் நடுவே

நாற்காலி முதுகில் தொங்கும் நீல ஸ்வெட்டரை எடுப்பாள். இடது அக்குளை மூக்கருகே கொண்டுபோய் ஒரு மூச்சு இழுப்பாள். பிறகு வலது. அரை நொடி யோசனை. "இன்னிக்கும் ஓடும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தலைவழியே மாட்டிக்கொள்வாள். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் இதே பரிசோதனை, இதே தீர்ப்பு. வியாழனன்று நீலத்தை அலசி ஹீட்டர் மேல் போடுவாள். சாம்பல் நிற ஸ்வெட்டர் வேலைக்கு வரும். ஈரக் கம்பளி காயும் வாடையை வைத்தே வீட்டில் நான் கிழமை சொல்லிவிடுவேன்.

எனோராவுக்கு இருபது வயது. பிரான்சில் ரென் நகரப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கிறாள், சொந்த ஊர் பொந்திவி. நாங்கள் ஒரே வீட்டில், மூன்றாவது மாடியில், இரண்டாவது வருடமாக இருக்கிறோம். நான் அவளைவிட ஆறு வயது மூத்தவள். முடியாத ஆய்வேட்டை முடித்துக்கொண்டே இருப்பவள். அதனால் வீட்டில் உட்கார்ந்து அடுத்தவர்களை வேடிக்கை பார்க்க எனக்கு நிறைய நேரம் கிடைக்கிறது.

அவளிடம் மொத்தம் பதினோரு உருப்படிகள். ஒவ்வொன்றையும் எந்தப் பழைய துணிக்கடையில், என்ன மழை பெய்தபோது எடுத்தாள் என்று சொல்லுவாள். நீல ஸ்வெட்டரின் இடது தோளில் மூன்று பொத்தான்கள். அதில் ஒன்று தொலைந்து, அதே மாதிரி வேறொன்று தேட நான்கு சனிக்கிழமை அலைந்தாள். எங்கள் பக்கத்து அடையாளமான கோடு போட்ட பனியன் மட்டும் அவளிடம் கிடையாது. "அதெல்லாம் டூரிஸ்டுக்கு" என்பாள். வெள்ளைக் காலணியைப் பழைய பல் பிரஷால் வாரம் ஒருமுறை தேய்ப்பாள், ஆனால் பளிச்சென்று ஆகிவிட்டால் திரும்பவும் கொஞ்சம் மங்கலாக்குவதற்காகப் படிக்கட்டில் நாலு தடவை ஏறி இறங்குவாள். தலைமுடிக்கு இருபது நிமிடம். கொண்டையை முடித்துக் கண்ணாடியில் பார்த்து, சீவின மாதிரி தெரிந்தால் அவிழ்த்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். கடைசியில் காதோரம் இரண்டு கற்றையை இழுத்துவிட்டு, தூங்கி எழுந்து அப்படியே வந்தவள் போல வெளியே போவாள். கழுத்தில் மஃப்ளர். வகுப்பிலும் அது கழுத்தில்தான், சாப்பாட்டு மேசையிலும் கழுத்தில்தான். மனிதருக்கு வருகிற நோய் எல்லாம் தொண்டை வழியாகத்தான் வருகிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அவளுடைய உலகத்தில் இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒரு பக்கம் சர்ச்சுக்கு உடுத்திப் போகிற ஞாயிறு, இன்னொரு பக்கம் காய்ச்சல். ஒரு பையன் டை கட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தால் "ஏன்டா, இன்னிக்கு ஞாயித்துக்கிழமையா?" என்பாள். தோழி ஒருத்தி கசங்கின காற்சட்டையோடு வந்தால் முகம் சுருங்கி, "உடம்பு சரியில்லையாடி?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். நடுவில் போகிற ஒற்றையடிப் பாதையில் தினமும் நடக்க வேண்டும், நடப்பது தெரியவும் கூடாது.

இதைக் கிண்டல் செய்ய எனக்கு உரிமை உண்டு. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் வருடம், முதல் நாள், அவள் அம்மா இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டையும் மடிப்புப் பாவாடையும் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போயிருக்கிறாள். முன் வரிசையில் ஒருத்தி திரும்பிப் பார்த்து, "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டிருக்கிறாள். இருநூறு பேர் சிரித்தார்களாம். நான் கணக்குப் பார்த்தால் எட்டுப் பேர் சிரித்திருப்பார்கள். அந்தச் சட்டை இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

சென்ற செப்டம்பரில் மூன்றாவது அறைக்கு டீகன் வந்து சேர்ந்தாள், ஜூன் வரை எனோராவின் வகுப்பிலேயே படிக்க. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து கடற்கரைப் பெண், ஆள் நெடுநெடுவென்று இருப்பாள். எங்கள் பிரெஞ்சு மொழியைப் புத்தகத்தில் படித்தவள், அதனால் பேசினால் வானொலிச் செய்தி கேட்பது போலிருக்கும். "காலை வணக்கம். இன்று வானம் மேகமூட்டத்துடன் காணப்படுகிறது" என்றபடி சமையலறைக்குள் வருவாள். ஆனால் சிரிப்பை அவள் புத்தகத்தில் படிக்கவில்லை. மூன்றாவது மாடியில் அவள் சிரித்தால் கீழே தபால்பெட்டிக்குக் கேட்கும்.

அவளிடம் இருபத்திரண்டு டீ ஷர்ட். தினமும் குளித்து, தினமும் வேறு ஒன்று. மேலே ஒரு ஹூடி, கீழே டிராக் பேன்ட், கால் நுழைந்தால் போதும் என்று ஒரு செருப்பு. வீட்டுக்கு எதிரே இருக்கும் பேக்கரிக்குப் போவதென்றால் அதுவும் கிடையாது, வெறுங்கால். அப்படியே இறங்கிப் போய் ரொட்டி வாங்கி, வழியிலேயே முனையைக் கடித்துத் தின்றுகொண்டே வருவாள்.

எனோரா பயந்துபோனாள்.

"தினம் ஒரு உடுப்பு போடுறா. ஆனா எல்லாமே சீக்காளி உடுப்பு" என்றாள் என்னிடம். "ஏதோ பெரிய சோகம் க்ளோ. வாயைத் திறந்து சொல்ல மாட்டேங்குறா."

வெங்காயத்தாளும் உருளைக்கிழங்கும் போட்டு சூப் வைத்து டீகன் அறை வாசலில் வைத்தாள். "சூப் மிகவும் சுவையாக இருந்தது. நன்றி" என்று வானொலி அறிவித்தது. மறுநாளும் டிராக் பேன்ட். மூன்று வாரம் சூப் போனது, டிராக் பேன்ட் போகவில்லை. கடைசியில் எனோரா யாருக்கும் சொல்லாமல் மாணவர் மருத்துவ மையத்துக்குப் போய், டீகன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

இதே மூன்று வாரமும் இன்னொரு பக்கத்தில் டீகனும் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறாள். திங்கள், நீல ஸ்வெட்டர். செவ்வாய், நீல ஸ்வெட்டர். புதன், அதே நீல ஸ்வெட்டர். பாவம், மாற்றிப்போட வழியில்லாத பெண், அதிலும் எனக்கு சூப் வைத்துத் தருகிறாளே என்று அவள் மனம் இளகிவிட்டது.

அக்டோபர் நடுவில் ஒரு வியாழக்கிழமை, இரண்டும் ஒரே நாளில் வெடித்தன. எனோராவின் நாற்காலியில் ஒரு பை இருந்தது. உள்ளே ஆறு டீ ஷர்ட், ஒரு மஞ்சள் ஹூடி, ஒரு டிராக் பேன்ட், எல்லாம் அழகாக மடித்து. மேலே ஒரு சீட்டு: "இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை." அன்று மாலைத் தபாலில் டீகனுக்கும் ஒரு கடிதம் வந்திருந்தது. செவ்வாய் பத்தரை மணிக்கு மனநல ஆலோசகரைச் சந்திக்கவும்.

சமையலறையில் எனோரா அந்தப் பையை மேசைமேல் வைத்தாள்.

"என்ன இது?"

"உடைகள். உங்களுக்காக. தயவுசெய்து தவறாக நினைக்காதீர்கள்."

"எனக்கு எதுக்கு?"

"உங்களிடம் ஒரே ஒரு ஸ்வெட்டர்தான் இருக்கிறது."

"ரெண்டு இருக்கு!"

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

"எனக்கும் ஒரு கேள்வி" என்று டீகன் கடிதத்தை நீட்டினாள். "எனக்குப் பைத்தியமா?"

"மூணு வாரமா படுக்கையில இருந்து எழுந்த மேனிக்கு காலேஜுக்கு வர்றே. நான் என்னன்னு நினைக்கிறது?"

"எங்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தான் வகுப்புக்குப் போவார்கள். நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்."

"மகிழ்ச்சியா இருக்கிறவ வெறுங்காலோட பேக்கரிக்குப் போவாளாடி?"

"மகிழ்ச்சியாக இருப்பதால்தான் போகிறேன்."

பேச்சு அதோடு நின்றிருந்தால் மூவரும் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்போம். ஆனால் தன்னை ஏழை என்று ஒருத்தி நினைத்துவிட்டாள் என்பது எனோராவுக்கு எங்கேயோ போய்த் தைத்திருந்தது. "என் பக்கத்துல இப்படி வந்து உக்கார்றே. உன் ஃப்ரெண்டுக்கு என்ன ஆச்சுன்னு கிளாஸ் பூரா என்னைத்தான் கேக்குறாங்க. எனக்கு வெக்கமா இருக்கு" என்றாள்.

வெட்கம் டீகனின் புத்தகத்தில் இருந்த சொல், சீட்டில் அவளே எழுதியதுதான். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. எழுந்து அறைக்குப் போய்க் கதவை மெதுவாகச் சாத்தினாள்.

அடுத்த திங்களன்று கறுப்புக் காற்சட்டை, கரு நீலக் கோட்டு, தோல் காலணி, கழுத்தில் சாம்பல் மஃப்ளருமாக டீகன் அறையிலிருந்து வந்தாள். எனோரா துள்ளிக் குதித்தாள். கழுத்து முடிச்சை அவளே சரிசெய்துவிட்டாள். "பாரேன், ஒரு நாள்ல எப்படி ஆயிட்டான்னு!" என்றாள். பேக்கரி அம்மாள் "இப்பதான் கண்ணு நம்ம ஊர்ப் பொண்ணு மாதிரி இருக்கே" என்று ஒரு வெண்ணெய் ரொட்டி இலவசமாகக் கொடுத்தாள். டீகன் ஒரே ஸ்வெட்டரை மூன்று நாள் போட்டாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

டீகனின் சிரிப்பு நின்றுபோனதை முதலில் கவனித்தது நானல்ல, எனோராதான். தபால்பெட்டிக்குக்கூட டீகன் காலணி மாட்டிக்கொண்டு போகிறாள், வகுப்பில் இரண்டு வரிசை தள்ளி உட்காருகிறாள், மேகமூட்டம் பற்றிக்கூடச் சொல்வதில்லை என்று ஒவ்வொன்றாக வந்து என்னிடம் சொன்னாள். நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிறு மாலை டீகன் என் அறைக்கு வந்து, வீட்டைக் காலி செய்வதற்கு வீட்டுக்காரருக்கு எப்படிக் கடிதம் எழுதுவது என்று கேட்டாள். ஜூன் வரை இருக்க வேண்டியவள் கிறிஸ்துமஸுக்குப் போனால் திரும்பி வரமாட்டாள் என்று அர்த்தம். எழுதிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய? உறையில் போட்டு ஒட்டி, நாளைக் காலை தபாலில் சேர்ப்பதாகச் சொன்னாள்.

எனோராவிடம் சொன்னபோது அவள் மஃப்ளர் நுனியைத் திருகினாள்.

"அவ நல்லா இருந்தப்போ உடம்பு சரியில்லன்னு நினைச்சேன்" என்றாள். "இப்பதான் க்ளோ அவளுக்கு நிஜமாவே முடியல. எல்லாரும் நல்லா இருக்கான்னு சொல்றாங்க. நானும் சொன்னேன். நான்தான் முதல்ல சொன்னேன்."

முதல் வருடம் அந்த முன் வரிசைப் பெண் தனக்குச் செய்ததையே தானும் இன்னொருத்திக்குச் செய்துவிட்டது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அழவில்லை.

மறுநாள் திங்கள். ரொட்டி வாங்கும் முறை டீகனுடையது. அவள் கோட்டுப் பையில் கடிதத்தோடு இறங்கிப் போனாள். எனோரா நாற்காலியருகே வந்தாள். நீல ஸ்வெட்டரை எடுத்தாள், முகராமலே திரும்பத் தொங்கவிட்டாள். கட்டிலுக்கடியிலிருந்து டீகன் கொடுத்த அந்தப் பையை இழுத்தாள்.

டிராக் பேன்ட் அவளுக்கு ஒரு சாண் நீளம் அதிகம். மூன்று மடிப்பு மடித்தாள். மஞ்சள் ஹூடி முட்டி வரை வந்தது. நெஞ்சில் ஏதோ நீச்சல் சங்கத்தின் சுறாமீன் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. கொண்டை போடவில்லை. மஃப்ளரைக் கழற்றினாள், யோசித்தாள், திரும்பச் சுற்றிக்கொண்டாள். அது மட்டும் அவளால் முடியவில்லை. வாசலில் காலணியைப் பார்த்தபடி நின்றாள்.

"வெளிய நாலு டிகிரிடி" என்றேன்.

"நீ சும்மா இரு க்ளோ."

வெறுங்காலோடு இறங்கினாள். நான் அவளுடைய காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். மழை விட்டிருந்தது, தெருவெல்லாம் ஈரம். குதிகாலை உயர்த்தி உயர்த்தி வைத்து அவள் தெருவைக் கடந்ததை இரண்டு சைக்கிள்காரர்கள் நின்று பார்த்தார்கள். பேக்கரிக்குள் ஏழெட்டுப் பேர் வரிசை. அவளுடைய வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் அதில் நின்றார்கள். வரிசையின் கடைசியில் கரு நீலக் கோட்டோடு டீகன். வலது கை பைக்குள் இருந்தது. எனோரா போய் அவள் பின்னால் நின்றாள். காது இரண்டும் சிவந்திருந்தன.

கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கமிருந்து பேக்கரி அம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஐயையோ, என்ன கண்ணு இது! உடம்பு சரியில்லையா?"

மொத்த வரிசையும் திரும்பியது. வகுப்புப் பெண் ஒருத்தி மற்றவளின் முழங்கையை இடித்தாள்.

"இல்லைங்கம்மா" என்றாள் எனோரா. "நல்லாத்தான் இருக்கேன்."

டீகன் மெதுவாகத் திரும்பினாள். முதலில் சுறாமீனைப் பார்த்தாள். அப்புறம் மூன்று மடிப்பை. அப்புறம் குளிரில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்ற இரண்டு பாதங்களை. கடிதம் இருந்த பையிலிருந்து கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் பயனில்லை. அந்தச் சிரிப்பு கடை முழுக்கக் கேட்டது.

எனோரா சிரிக்கவில்லை. ஏழெட்டுப் பேர் பார்த்திருக்க, ஹூடியின் இடது அக்குளை மூக்கருகே கொண்டுபோய் ஒரு மூச்சு இழுத்தாள். பிறகு வலது. அரை நொடி யோசித்தாள்.

"நாளைக்கும் ஓடும்" என்றாள்.