பதினைந்து விநாடி மூச்சு

ஏழாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்துக்கு அடியில் இரும்புச் சுருள் கூட்டிப் பெருக்கியவன் நான். பிறகு அதே தெருவில் சொந்தமாக நாலு லேத் போட்டேன். காட்டுப்பாக்கத்தில் மழைத்தண்ணீர் வடியாத மனையில் முப்பது படுக்கை ஆஸ்பத்திரி எழுப்பினேன். இவனுக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கேதான் பிறந்தார்கள். அதற்குப் பின்னாலேயே நர்சிங் கல்லூரி. அங்கே ஆராய்ச்சி முறை என்று ஒரு பாடம் நடக்கிறது. அந்தப் பாடத்திலும் என் கை இருக்கிறது. வேறு யாரும் சொல்லாததால் நானே சொல்கிறேன்.

அன்று வியாழக்கிழமை. கடைசி வருட மாணவி ஒருத்தி திங்கட்கிழமை ஆய்வறிக்கை கொடுத்தாக வேண்டும். தாளாளர் என்ற முறையில் நான் கையெழுத்துப் போடாவிட்டால் அந்த வருடம் பரீட்சை கிடையாது. அவள் அப்பா திருவேற்காட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். இன்னொரு வருடம் படிக்க வைக்க அவரால் ஆகாது, அது எனக்கும் தெரியும்.

பட்டாபிராமில் ஒரு முதியோர் இல்லம். அங்கே மூச்சிளைப்பு உள்ள முப்பது பேரைப் பலூன் ஊதச் சொல்லி, ஊதுவதற்கு முன்பும், ஊதி ஓய்வெடுத்த பின்பும் நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எழுதியிருந்தாள். இரண்டு பேராசிரியர்கள் பார்த்து எனக்கு அனுப்பிய தாள். புரட்டினேன். இருபத்து நாலு, இருபது, இருபது, இருபத்தெட்டு, பதினாறு. அடுத்த பக்கமும் அதே எண்கள்தான். லேத்தில் ஒரே அளவு வைத்துப் பத்து உருப்படி ஓட்டினாலும் மைக்ரோமீட்டரில் பத்தும் பத்து விதம் காட்டும். எனக்கு ரத்தம் கொதித்தது.

"இன்னாமா இது? பதினேழு, பத்தொம்போதுன்னு மூச்சு உடற ஆளே பட்டாபிராம்ல இல்லியா? ஊட்ல குந்திகினு எழுதினியா?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. "இல்லீங்கய்யா. ஒவ்வொருத்தருக்கும் நானே எண்ணினேன்."

"பொய் சொல்லாத. கையெழுத்து கெடையாது, போ."

அவளோடு வந்து உட்கார்ந்திருந்த, ஆராய்ச்சிப் பாடம் நடத்தும் ஆசிரியை எழுந்து வந்தார். என்னிடம் சம்பளம் வாங்குகிறவர்தான், ஆனால் குரல் நடுங்கவில்லை. "ஐயா, எண்கள் சரியில்லைன்னு நீங்க பார்த்தது நிஜம். பொய்ங்கறது உங்க ஊகம். அதைச் சோதிக்காம ஒரு பொண்ணோட வருஷத்தை எடுத்துடலாமா?"

என்னிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. "சோதிச்சுக்கோங்க" என்றேன்.

"நீ எப்படி எண்ணினியோ, அப்படியே ஐயாவுக்கு எண்ணு" என்றார் ஆசிரியை அவளிடம்.

அந்தப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் விரல் சில்லென்று இருந்தது. நாடி பார்க்கிறாள் என்று நினைத்தேன். சட்டென்று கையை விட்டுவிட்டு, "இருபது" என்றாள்.

"நாடி இருபதா? அப்ப நான் பொணமா?"

"நாடி இல்லீங்கய்யா, மூச்சு. எண்ணுறது தெரிஞ்சா மூச்சு மாறிடும். அதனால நாடி பாக்கற மாதிரி கையப் புடிச்சிக்குவோம்."

ஆசிரியை கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு நேரம் எண்ணின?"

"பதினஞ்சு செகண்ட், மேடம். அஞ்சு மூச்சு. நாலால பெருக்கினேன்."

நாலால் பெருக்கினால் பதினேழு எங்கிருந்து வரும்?

"இதை யார் சொல்லிக் கொடுத்தா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. "வார்டுல அக்காங்க எல்லாரும் அப்டித்தான்..."

அந்த வார்டு என்னுடையது.

"முழு நிமிஷம் எண்ணு" என்றார் ஆசிரியை. எண்ணினாள். பதினெட்டு.

திங்கட்கிழமைக்குள் முப்பது பேரையும் மறுபடி ஊதச் சொல்லி, முன்னும் பின்னும் எண்ண வேண்டும். கல்லூரி வேனைக் கொடுத்து, வெள்ளி சனி இரண்டு நாளும் அவளைப் பட்டாபிராமுக்கு அனுப்பினேன். வார்டுக்கும் அன்றே உத்தரவு போட்டேன்: மூச்சு என்றால் முழு நிமிடம். ஞாயிற்றுக்கிழமை கணக்குப் போட்டபோது, பலூன் ஊதியதால் வந்த பலன் முன்பு எழுதியதைவிடக் குறைவாக இருந்தது. அந்தப் பெண் அழுதேவிட்டாள். "பலன் குறைஞ்சதைக் குறைஞ்சதுன்னே எழுது" என்றார் ஆசிரியை. திங்கட்கிழமை காலை கையெழுத்துப் போட்டேன். பரீட்சை எழுதித் தேறினாள்.

இப்போது அந்தப் பழைய தாளைக் காட்டித்தான் ஆராய்ச்சிப் பாடமே தொடங்குகிறது. "ஒருநாள் ஒரு சந்தேகம் வந்தது" என்று ஆசிரியை ஆரம்பிப்பதைக் கதவருகே நின்று கேட்டேன். அது தானாகவா வந்தது? அவளைப் பொய்க்காரி என்றது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். பதினைந்து விநாடியைக் கண்டுபிடித்தது ஆசிரியை, அதையும் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு பேராசிரியர்கள் பார்த்து அனுப்பிய தாளில் கோளாறு இருக்கிறது என்று முதலில் கண்டது ஏழாம் வகுப்புக்காரன். அறிக்கையின் நன்றிப் பக்கத்தில் கடவுள் இருக்கிறார், வேன் டிரைவர் இருக்கிறார், நான் இல்லை. நூலகத்தில் இருக்கும் பிரதியில் ஒரு வரி சேர்க்க வேண்டும். வகுப்பிலும் என் பெயரைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.