பாலைக்கன்று விற்ற கதை

நர்சரியில் வேலை பார்ப்பவனுக்குச் செடியின் பெயர் தெரிந்தால் போதாது. வாங்க வருகிறவர் அந்தப் பெயரை என்னவாக நினைக்கிறார் என்பதும் தெரிய வேண்டும். கடைவாசலில் நின்று மண்டை காய்ந்தவர்களுக்கு இது புரியும்.

வேலப்பன்சாவடியில் எங்கள் நர்சரியில் பாலைக்கன்று வளர்ப்பது ஒரே காரணத்துக்காக: தலையை வெட்டிவிட்டு மேலே சப்போட்டா ஒட்டுக் கட்ட. கடலோரப் புதர்க்காடுகளில், மழையில்லாத மாதங்களிலும் பச்சையாக நிற்கிற மரம் அது. எனக்கு மனசு கேட்கவில்லை. பத்துக் கன்றை ஒதுக்கி வைத்தேன். முதலாளி சொன்னார்: "ஞாயித்துக்கெழமைக்குள்ள வித்துடு. இல்லன்னா அதையும் வெட்டிக் கட்டிடுவேன்."

கயிறு

"பாலைக்கன்று கிடைக்கும்" என்று அட்டை எழுதித் தொங்கவிட்டேன். மறுநாள் நூம்பலிலிருந்து ஒருவர் கையில் கயிற்றோடு வந்தார். உள்ளே கூட்டிப்போய்க் காட்டினேன். செடிகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா நைனா, பாலுன்னு போட்டுகீற, கன்னுன்னு போட்டுகீற, மாடு எங்க?"

ஐந்திணை

திருமுல்லைவாயில் ஃப்ளாட்டில் இருக்கும் ஐ.டி. பெண் ஒருவர் ஒரு கன்று வாங்கினார். எனக்கு ஒரே குஷி. நாலாம் நாள் வாடிய கன்றைத் திருப்பிக் கொடுக்க வந்தார். சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லையாம். ஏன் என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் தமிழை நன்றாகப் படித்தவர் போல. "பாலைக்குத் தண்ணி ஊத்தினா மருதம் ஆயிடாதா சார்?"

சப்போட்டா

ஞாயிறு மதியம் ஒட்டுக் கட்டுகிறவர் வந்து கத்தியைத் தீட்ட ஆரம்பித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ஆவடி அக்கா ஒருவர், கையில் ஒரு கிளையோடு நுழைந்தார். பல வருடம் முன்பு எங்களிடம் வாங்கிய சப்போட்டாவில், வேப்பம்பழம் மாதிரி மஞ்சளாகக் காய்க்கிறதாம்.

பார்த்ததும் புரிந்தது. மேலே கட்டிய சப்போட்டா பட்டுப்போய், அடியிலிருந்த பாலை தழைத்துவிட்டது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று பயந்து, "தப்புதான்க்கா, வேற நல்ல சப்போட்டா தர்றேன்" என்றேன். அவர் முறைத்தார். பழம் அப்படி இனிக்கிறதாம். கிளி வருகிறதாம். தெருவில் எல்லாரும் கன்று கேட்கிறார்களாம். "நல்லது யாருக்குப்பா வேணும்? கெட்டுப்போன சப்போட்டா எத்தினி கீதோ, அல்லாத்தியும் ஆட்டோல ஏத்து!"

வாடியதையும் விடாமல் பத்தையும் ஏற்றினேன். அவை பாலையா, கெட்டுப்போன சப்போட்டாவா என்று இப்போது கேட்டால், சந்தோஷத்தில் எனக்கே குழப்பம்தான்.