மாலை போட்ட என் படம்

நேமத்தான்பட்டியில் ஒரு பெரிய வீட்டை ஓட்டலாக்கியிருக்கிறார்கள். அங்கே கதவு, நிலை எல்லாம் நான்தான் பழுது பார்க்கிறேன். போன வருஷம் படம் வரைகிற அம்மா ஒருவர் வந்து தங்கினார். முற்றத்தில் நான் ஒரு கதவை இழைத்துக்கொண்டிருக்க, நாலு நாள் காலையில் என்னை வரைந்தார். அசையாமல் இருக்கவா என்று கேட்டேன். வேண்டாம், வேலையைப் பாருங்கள் என்றார்.

கிட்டே போனால் வெறும் சாயத் திட்டு. கன்னத்தில் நீலம், கழுத்தில் பச்சை. பத்தடி தள்ளி நின்றால் நான். படத்தை அந்த வீட்டுக்கே கொடுத்துவிட்டுப் போனார்.

போன வாரம் அதைக் காட்ட என் வீட்டுக்காரியைக் கூட்டிப்போனேன். கூடத்தில், அந்த வீட்டில் செத்துப்போனவர்கள் படங்களோடு என்னையும் மாட்டியிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த வேலைக்காரி மற்றப் படங்களுக்குச் செய்த மாதிரியே எனக்கும் குங்குமம் வைத்து மாலை போட்டுவிட்டாள்.

என் வீட்டுக்காரியின் கை தாலிக்குப் போனது. அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

படத்துக்கு முன்னால் கைடு ஒருவர் சென்னைக்காரர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் இழந்த மனுஷனாம். விரல் இல்லாத கை அதைத்தான் காட்டுகிறதாம். முகத்து நீலம் துக்கமாம்.

"நெத்தியில அந்த ஒரே சிவப்பைப் பாருங்க. மொத்த சோகமும் அதுலதான் இருக்கு."

அவர்கள் போட்டோ எடுத்தார்கள்.

"சார், எதைப் பாத்துச் சொல்றீக? அது இன்னைக்கு வச்ச குங்குமம்."

நீங்கள் யார் என்றார். நான் பதில் சொல்வதற்குள் என் வீட்டுக்காரி முந்திக்கொண்டாள்.

"கேட்டுக்கங்க சார். செத்தவுகளே வந்து சொல்றாக."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. நான் சொன்னேன். நீலம் துக்கமில்லை, முற்றத்துக் காலை நிழல். இழைப்புளி தள்ளுகிற கை நிற்காது, அதில் விரல் எங்கே தெரியும்? முகம் சுளித்திருப்பது அந்தக் கதவில் கணு இருந்ததால். அந்தம்மா பார்த்ததைத்தான் வரைந்தார். நீங்கள்தான் பார்க்கவில்லை.

ஸ்டூலில் ஏறி மாலையைக் கழற்றினேன். படத்தை இறக்கி, முற்றத்தில் நான் இழைத்த கதவுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினேன்.

குங்குமத்தைத் துண்டால் துடைத்தேன். முழுதாகப் போகவில்லை. நெற்றியில் லேசாகச் சிவப்பு நிற்கிறது. அதற்கும் ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

என் வீட்டுக்காரி அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை.