கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு பேக்கரி மாஸ்டர்

என் வீட்டுக்காரர் ஹென்னிங், நாற்பத்து மூன்று வயதில் கம்ப்யூட்டர் கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவர். அதற்கு முன், ஜெர்மனியில் எங்கள் ஊரான இதே ஓஸ்னாப்ரூக்கில் பேக்கரி மாஸ்டர். சனிக்கிழமை காலை அவர் ரொட்டிக்குத் தெருமுனை வரை ஆள் நிற்கும். மாவுத் தூசி நெஞ்சில் ஏறி ஆஸ்துமா ஆகிவிட்டது. இனி மாவுப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

கம்பெனியில் மனிதர் இதைச் சொல்லவே இல்லை. "விடியறதுக்கு முன்னாடி எழுந்து எழுந்து சலிச்சுப்போச்சு" என்று அளந்துவிட்டிருக்கிறார். முதல் நான்கு மாதம் சோதனைக் காலம், காரணமே சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பலாம்.

"மூச்சு இழுக்கிறவனை எவன் வெச்சுப்பான், கெர்லிண்ட?" என்றார் என்னிடம். பயம் பாதி, வெட்கம் பாதி. வெட்கம்தான் பெரிய பாதி என்று எனக்குத் தெரியும்.

அப்ரண்டிஸ்கள் வேலையோடு போயாக வேண்டிய தொழிற்பள்ளிக்குப் போன முதல் நாளே பையன்கள் எழுந்து நின்றார்களாம், வாத்தியார் என்று நினைத்து. அவர் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்ததும் ஒரே சிரிப்பு. ஆபீசில் வேலை சொல்லிக்கொடுக்கிற ஸ்வேயாவுக்கு இருபத்து நாலு வயது. தங்கமான பெண், ஆனால் குறும்பு.

அக்டோபரில் வந்தது வினை. கம்ப்யூட்டரைப் பூட்டாமல் காபி எடுக்கப் போயிருக்கிறார். அந்த மாதிரி ஆபீஸ்களில் அதற்கு ஒரு தண்டனை உண்டு. யாராவது அந்த ஆள் பெயரிலேயே எல்லோருக்கும் மெயில் தட்டிவிடுவார்கள்: நாளைக்கு என் செலவில் கேக். மறுநாள் கொண்டுவந்தே ஆக வேண்டும். ஸ்வேயா ஒரு படி மேலே போய், 'பேக்கரி மாஸ்டர் கையாலேயே ஆப்பிள் கேக்' என்று போட்டுவிட்டாள்.

"கடையில வாங்கிட்டுப் போயேன்" என்றேன்.

"இந்த ஊர்ல எந்தக் கடைக் கேக்னு ஒரு வாய்ல சொல்லிடுவாங்க. நீ சுடு. நான் சொல்றேன்."

நான் பஸ் ஓட்டுகிறவள். முட்டை பொரித்தாலே அடிபிடிக்கும். ஆனாலும் ஏப்ரனைக் கட்டினேன். அவர் கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டார். மழை வேறு. அங்கிருந்தே கையை ஆட்டினார், கத்தினார். எனக்குப் பாதி கேட்டது.

"ஓவனைத் திறக்காத! திறக்காதன்னா!"

திறந்துவிட்டேன். கேக் நடுவில் பொத்தென்று அமுங்கிவிட்டது, அடியும் கருகிவிட்டது. அதைத்தான் எடுத்துக்கொண்டு போனார். ஐயோ, அந்தத் தட்டோடு படியிறங்குகிறவரைப் பார்க்க எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

சாயங்காலம் காலித் தட்டோடு வந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"நல்லவேளை, நீ கம்ப்யூட்டருக்கு வந்தேன்னாங்க." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "ஸ்வேயா ஒரு துண்டைத் திருப்பி அடியைத் தட்டிக் காட்டினா. சத்தம் வந்துச்சு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

"எம்பொண்டாட்டி சுட்டதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"ஏன் உன் பொண்டாட்டி சுட்டான்னு கேப்பாங்களே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருடம் ஊருக்கே ரொட்டி போட்ட கை. அந்தக் கையின் பேரை ஒரே கேக்கில் கெடுத்துவிட்டேனே என்று என் மேலேயே கோபம்.

நவம்பர் கடைசியில் சோதனைக் காலம் முடிந்தது. வேலையில் வைத்துக்கொண்டார்கள். இனிமேல் ஆஸ்துமாவைக் காட்டி யாரும் அனுப்பிவிட முடியாது. அன்றைக்கு வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன்.

"இப்பவாவது சொல்லிட்டியா?"

ஷூவைக் கழற்றிக்கொண்டே, "வேலை நிலைச்சா விருந்து வைக்கணுமாம். கேக் மட்டும் உன் கையால வேண்டாம்னாங்க" என்றார். "எல்லாரும் சிரிச்சாங்க."

"நீ என்ன சொன்னே?"

"இந்தத் தடவை நல்லா சுடறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

கண்டபடி திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கழற்றிய ஷூவை மறுபடி மாட்டிக்கொண்டு, மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு பால்கனிக்குப் போனார். கதவைச் சாத்திவிட்டு, மாவு டப்பாவை எடு என்று கண்ணாடியைத் தட்டினார்.