திமிங்கலத்தை அளந்த கதை

தொண்ணூறுகளின் கடைசியில் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். ஒரு விடுமுறைக்கு மல்பே கடற்கரைக்குப் போயிருந்தோம். சிங்கப்பூர் மைத்துனர் கொடுத்த வீடியோ கேமராவோடு, மனைவி குழந்தை சகிதம் தீவுக்குப் போகும் படகில் ஏறினேன்.

பாதி வழியில் படகுக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினார். கறுப்பாக ஒரு முதுகு எழுந்தது. புஸ்ஸென்று பெரிய மூச்சு. அவ்வளவுதான், உள்ளே போய்விட்டது.

பிரேசர் டவுன் வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால், டி.வி.யில் வானம், என் செருப்பு, யாரோ ஒருவரின் வழுக்கை. திமிங்கலம் கண் சிமிட்டும் நேரம்தான். ஆனால் மனைவியின் குரல் மட்டும் கணீரென்று பதிவாகியிருந்தது.

"ஐயோ, உங்க கம்பெனி வண்டி அளவு இருக்குங்க! கேமராவை வெச்சிட்டு மொதல்ல பாப்பாவைப் புடிங்க!"

தெரு முழுக்கச் செய்தி பரவி, அடுத்த தெருவில் இருந்த கடல் உயிரினங்களை ஆராயும் ஒரு அம்மாவின் காதுக்கும் போனது. ஓடி வந்து பதிவைப் போட்டுப் பார்த்தார். அந்தப் பக்கம் திமிங்கலத்தைப் பார்ப்பது அபூர்வமாம்.

"எவ்வளவு நீளம் சார்?"

நான் எல்லாவற்றையும் கேமரா வழியாகவே பார்த்திருந்தேன். அதில் திமிங்கலம் தீப்பெட்டி அளவு.

"அப்போ உங்க மிஸஸ் சொன்ன வண்டியைப் பார்க்கலாமா?" என்றார்.

மறுநாள் தொழிற்சாலை வாசலில் அவர் டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, மறுமுனையோடு நான் தொழிலாளர்களை ஏற்றி வரும் கம்பெனி பஸ்ஸின் பின்பக்கம் போனேன். டிரைவர் பதறிப்போய் இறங்கி வந்தார்.

"ஏன் சார், பஸ்ஸை விக்கறாங்களா?"

"இல்லப்பா, திமிங்கலத்தை அளக்கறோம்."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து பஸ்ஸுக்கு அடியில் பார்த்தார்.

அளவைக் குறித்துக்கொண்ட மகிழ்ச்சியில் அந்த அம்மா சாயங்காலம் வீட்டுக்கு வந்து நன்றி சொன்னார். காப்பி கொண்டுவந்த என் மனைவி, "பஸ்ஸா? நான் சொன்னது ஆபீஸ்காரங்களைக் கூட்டிட்டுப் போற மினி பஸ்ஸை" என்றாள்.

அந்த அம்மாவின் முகத்தில் திமிங்கலம் சுருங்குவது அப்படியே தெரிந்தது.

மறுநாள் மறுபடியும் டேப்போடு போனோம். சேதி அதற்குள் மினி பஸ் டிரைவருக்கு எட்டியிருந்தது. வண்டியைக் கழுவித் துடைத்து, வாசலில் நேராக நிறுத்தி வைத்திருந்தார்.

"எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் வாலுன்னு மட்டும் சொல்லிடுங்க சார்" என்றார்.