மூணு விரல் மார்க்

போன வாரம் விருதுநகர் பஜாரில் ஒரு மளிகைக் கடை. மோர் மிளகாய் கேட்டேன். கடைக்காரர் யோசிக்காமல் ஒரு பாக்கெட்டை எடுத்து முன்னால் போட்டார்.

பளபளவென்று இருந்தது. சிவப்புப் பின்னணி. நடுவில் மூன்று விரல்களை உயர்த்திக் காட்டும் ஒரு கை. பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் குட்டியாக ஓர் ஆங்கில 'ஆர்'. கீழே கொட்டை எழுத்தில், 'போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்'.

"இதுதான் சார் ஒரிஜினலு" என்றார் கடைக்காரர். "நடுவுல இதே மாதிரி டூப்ளிகேட் ஒண்ணு ஓடிக்கிட்டு இருந்துச்சு. யாரோ ஒரு பொம்பள போட்டுக்கிட்டு இருந்துச்சாம். கம்பெனிக்காரக நோட்டீஸ் விட்டதும் நிப்பாட்டிட்டாக."

பாக்கெட்டை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கு வீட்டில் தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவளும் வெறும் தயிர் சாதத்தையே சாப்பிட்டாள். ஏனென்றால் அந்த 'யாரோ ஒரு பொம்பள'யை எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும்.

பேச்சியம்மாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜப் பெயரைப் போட்டால் அதையும் யாராவது பதிவு செய்துவிடுவார்கள்!

திருத்தங்கல்காரர். பட்டாசு ஆலையில் மருந்து செலுத்துகிற வேலை. ஒருநாள் ஏதோ உரசி, எங்கோ பிடித்து... உயிர் பிழைத்ததே பெரிசு என்றார்கள். வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் போய்விட்டன. அதற்கப்புறம் ஆலை வேலைக்கு அந்தக் கை ஓடவில்லை. புருஷன் ஏற்கெனவே இல்லை. ஒரு மகள், பள்ளிக்கூடத்தில்.

பச்சை மிளகாயைக் கீறி, உப்பு மோரில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்து, வீடு வீடாக விற்க ஆரம்பித்தார். விருதுநகருக்கு பஸ் ஏறி எங்கள் தெருவுக்கும் வருவார். சாப்பிட்டவர்கள் மறுபடி தேடினார்கள். கடைகளில் கேட்டார்கள். பாக்கெட் போடலாம் என்று தைரியம் வந்தது.

பாக்கெட் என்றால் லேபிள். லேபிள் என்றால் திருத்தங்கலில் பிரஸ்ஸுக்கா பஞ்சம்? ஒரு பிரஸ்காரர், "என்ன மார்க் போட? மயிலு, கிளி, தாமரை... எது வேணும்?" என்று கேட்டிருக்கிறார்.

"மயிலும் கிளியும் ஊர்பூராவும் இருக்கே அண்ணாச்சி. இது எங்கிட்ட மட்டுந்தான் இருக்கு" என்று சொல்லி, பேச்சியம்மாள் தன் வலது கையை ஸ்கேனர் கண்ணாடிமேல் வைத்துவிட்டார்.

அப்படிப் பிறந்ததுதான் 'மூணு விரல் மார்க்' மோர் மிளகாய். அதுவரை முந்தானைக்குள்ளேயே மறைத்து வைத்திருந்த கை அது. ஆலங்குளத்திலிருந்து காரியாபட்டி வரைக்கும் கடைக்குக் கடை தொங்கியது.

இந்த இடத்தில் நான் வருகிறேன். வராமலிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

லேபிள் அடித்த அடுத்த வருஷம் பேச்சியம்மாள் என்னிடம் ஒரு யோசனை கேட்டார். "அண்ணே, பேரைப் பதியணும்னு பஸ்ஸுல ஒருத்தர் சொன்னாரு. மெட்ராஸுக்கு எழுதிப் போடணுமாம்ல? நீங்க நாலு எடம் போறவுக... போட்டுரவா?"

வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களுக்கெல்லாம் யோசனை சொல்கிறவன் அல்லவா நான்? சாய்வு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு சொன்னேன்: "டிரேட்மார்க் எல்லாம் பெரிய கம்பெனிக்கும்மா. நீங்க முதல்ல வியாபாரத்தைக் கவனிங்க. மோர் மிளகாய்ப் பேரை யார் தூக்கிட்டுப் போகப் போறா?"

தூக்கிக்கொண்டு போனார்கள்.

பேச்சியம்மாளின் சரக்கைக் கடைகளுக்கு எடுத்துப்போய்ப் போட்டுவந்த ஒரு மொத்த வியாபாரி. வேன் வைத்திருந்தார். நல்ல பேச்சு. திடீரென்று ஒருநாள், ரேட்டைக் குறைக்க வேண்டும் என்றார். கட்டாது என்றார் பேச்சியம்மாள். வேன் வருவது நின்றது. கொஞ்ச நாளில் கடைகளில் இன்னொரு 'மூணு விரல்' வந்துவிட்டது.

அதற்கப்புறம் ஒரு ரிஜிஸ்டர் தபால். ஆங்கிலத்தில் இருந்ததால் என்னிடம் எடுத்துக்கொண்டு வந்தார்.

படித்துச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. எங்கள் கட்சிக்காரரின் பதிவு பெற்ற வணிகச் சின்னமாகிய மூன்று விரல் கையை, பொதுமக்களை ஏமாற்றும் கெட்ட எண்ணத்தோடு நீங்கள் காப்பியடித்திருக்கிறீர்கள். பதினைந்து நாளைக்குள் நிறுத்த வேண்டும். கையிருப்பில் உள்ள லேபிள்களை அழிக்க வேண்டும்.

"யாரு கையை யாரு காப்பியடிச்சாகளாம்?" என்றார்.

நோட்டீஸோடு இணைத்திருந்த அந்த வியாபாரியின் லேபிளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். முழுசான கை. சுண்டு விரலையும் மோதிர விரலையும் மடக்கி வைத்திருந்தது.

"அவுக மடக்கி வச்சிருக்காக அண்ணே. வேணுங்கிறப்ப நிமித்திக்கிடலாம். நான் எங்கன போயி நிமித்த?"

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதினால் அது நாடகம். வந்தது. அதுதான் எனக்கு என்மேல் கோபம்.

மதுரையில் டிரேட்மார்க் வேலை பார்க்கும் ஒரு வக்கீலிடம் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல மனிதர். பொறுமையாக விளக்கினார்.

அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். தேவைப்படும். நீங்கள் வைக்கிற பெயர் ஏற்கெனவே யாரிடமாவது இருக்கிறதா என்று முதலில் தேடிப் பார்க்க வேண்டும். அப்புறம் விண்ணப்பம். உங்கள் பொருள் எந்த வகுப்பில் வருகிறது என்று குறிப்பிட வேண்டும். பட்டாசுக்கு ஒரு வகுப்பு, மோர் மிளகாய்க்கு வேறு வகுப்பு. எப்போதிலிருந்து அந்தப் பெயரைப் பயன்படுத்துகிறீர்கள் என்றும் எழுத வேண்டும். அதிகாரிகள் பரிசீலித்து, சரி என்று பட்டால் டிரேட்மார்க்குக்கென்றே இருக்கிற அரசாங்கப் பத்திரிகையில் வெளியிடுவார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்வதற்கு அவகாசம் உண்டு. ஒருவரும் வாய் திறக்காவிட்டால், பதிவு. பத்து வருஷத்துக்கு அது உங்களுடையது. மறுபடி புதுப்பித்துக்கொள்ளலாம். விண்ணப்பம் போட்டவுடன் 'டிஎம்' என்று போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் இருக்கும் 'ஆர்' மட்டும் பதிவான பிறகுதான். இவ்வளவுதான். பெரிய கம்பெனியாக இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை.

"உங்க பேருக்கு அவர் விண்ணப்பம் போட்டப்போ அந்தப் பத்திரிகையில வந்திருக்கு. நீங்க ஆட்சேபிச்சிருக்கலாம்" என்றார் வக்கீல்.

"அந்தப் பத்திரிகை எங்கன விக்கும் சார்?" என்றார் பேச்சியம்மாள்.

"சிடியில வரும்மா. இன்டர்நெட்லயும் பார்க்கலாம்."

பேச்சியம்மாள் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

வக்கீல் அந்த வியாபாரியின் விண்ணப்ப விவரத்தை எடுத்து வைத்திருந்தார். விண்ணப்பித்த தேதியைச் சொன்னார். வேன் நிற்பதற்கு ரொம்ப நாள் முந்தி!

"அந்த மாசம் எம் மக சடங்குக்கு வந்தாருல்ல..." என்றார் பேச்சியம்மாள். "பந்தியில உக்காந்து சாப்புட்டாரு. நாந்தான் பரிமாறுனேன்."

இன்னொன்றும் இருந்தது. எப்போதிலிருந்து பயன்படுத்துகிறார் என்ற இடத்தில் அந்த வியாபாரி ஒரு வருஷத்தை எழுதியிருந்தார். பேச்சியம்மாளுக்கு முந்தியே தான் தொடங்கியதாகக் காட்டுவதற்காக, தாராளமாகப் பின்னால் போய் ஒரு வருஷம்.

வக்கீல் அதை வாசித்ததும் பேச்சியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். "திருப்பிச் சொல்லுங்க சார்."

சொன்னார்.

"அப்ப எனக்கு அஞ்சு விரலும் இருந்துச்சே சார்!"

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட எட்டிப் பார்த்தது. பொய் பிடிபட்டுவிட்டது, இல்லையா? விபத்துக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது. தேதி இருக்கிறது. முத்திரை இருக்கிறது.

வக்கீல் போதாது என்பதுபோல் தலையை ஆட்டினார். "விரல் எப்ப போச்சுன்னு நிரூபிக்கலாம்மா. அந்த மார்க்கை வச்சு எப்பலேருந்து வியாபாரம் பண்றீங்கன்னு நிரூபிக்கணும். முதல்ல பயன்படுத்துனவர் நீங்கதான்னு காட்டிட்டா, பதிவே பண்ணியிருந்தாலும் அவர் உங்களைத் தடுக்க முடியாது. அவர் பதிவை ரத்து பண்ணச் சொல்லியும் கேட்கலாம். சட்டம் உங்க பக்கம்தான். தேதி போட்ட ஒரு பில் இருக்கா? லேபிள் அடிச்ச ரசீது?"

இல்லை. வீடு வீடாக விற்றவரிடம் என்ன பில் இருக்கும்? லேபிளுக்கும் பிரஸ்காரர் பில் போடவில்லை. 'பில்லு எதுக்கு, வரிதான் கூடும்' என்று அவரே சொல்லியிருக்கிறார். விரல் போனதற்கு அரசாங்கம் சீட்டு கொடுத்தது. மீதி மூன்று விரல்களை வைத்துப் பிழைத்ததற்கு ஒருவரும் சீட்டு கொடுக்கவில்லை.

"பிரஸ்காரர் ஒரு கடிதம் குடுத்தாக்கூடப் போதும்" என்றார் வக்கீல்.

மறுநாளே இருவரும் திருத்தங்கல் பிரஸ்ஸுக்குப் போனோம்.

"அடடே, பேச்சியம்மாளா! வாங்க, வாங்க. சார், உக்காருங்க. கலர் சோடா சாப்புடுறீகளா?" பிரஸ்காரர் அப்படியொரு உபசரிப்பு. விஷயத்தைச் சொன்னோம். முகம் மெல்ல மாறியது.

"எம்புட்டோ லேபிள் அடிக்கோம் சார். எதை எந்த வருசம் அடிச்சோம்னு எப்படி ஞாபகம் வச்சிக்கிட? பளைய ஃபைலெல்லாம் கம்ப்யூட்டர் மாத்தும்போது போயிருச்சு."

"எங் கையை அந்தக் கண்ணாடியில வச்சது ஞாபகம் இல்லையா அண்ணாச்சி?" என்றார் பேச்சியம்மாள்.

அவர் முதுகுக்குப் பின்னால், கட்டிங் மிஷின் பக்கத்தில், மை வாசனை போகாத தாள்கள் அடுக்கியிருந்தன. தாளுக்குத் தாள் வரிசை வரிசையாக, மடக்கிய விரல்களோடு அந்தக் கை.

பேச்சியம்மாளும் பார்த்துவிட்டார். எழுந்து போய் மேல் தாளைத் தொட்டுப் பார்த்தார். சத்தம் போடப் போகிறார் என்று நினைத்தேன்.

"கலர் நல்லா விழுந்திருக்கு அண்ணாச்சி" என்றார். "என்னுதுல செவப்பு எப்பவும் வெளுத்துத்தான் விழும்."

வாசல் வரை வந்த பிரஸ்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பா நினைக்காதீக சார். அவுக காலண்டர் ஆர்டரும் எங்கிட்டத்தான். நானும் பொளைக்கணும்லா?"

எனக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. வியாபாரி கெட்டவர், சரி. பிரஸ்காரர் பயந்தவர். நான்? எல்லாம் தெரிந்த மாதிரிப் பேசுகிறவன். ஒரு பெண்ணின் பெயரைப் பறிக்க இந்த மூன்று பேருமே தேவைப்பட்டோம். கெட்டவர் ஒருவர் மட்டும் இருந்திருந்தால் அவரால் இதைச் செய்திருக்க முடியாது.

அதற்குள் ஆலங்குளத்துக் கடை ஒன்று சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டது. எங்களுக்கு எதுக்கும்மா வம்பு என்றார்களாம். அடுத்தடுத்து மற்ற கடைகளும்.

கேஸ் போடலாம், வருஷக்கணக்கில் இழுக்கும், ஆனால் போடலாம் என்றார் வக்கீல். நானும் போட வேண்டும் என்றேன். இந்தத் தடவையாவது சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு வெறி.

"கோர்ட்டுக்கு நடந்தா மொளகாயை யாரு காயப்போடுவா அண்ணே?" என்றார் பேச்சியம்மாள். "மக பன்னெண்டாப்பு படிக்கா. கையை அவுகளே வச்சிக்கிடட்டும். வேற பேரு வப்போம். பதிஞ்சிட்டே யாவாரத்தை ஆரம்பிப்போம்."

அப்படியே மீதமிருந்த லேபிள்களை அடுப்பில் போட்டுவிட்டார். உதவிக்கு யாரையும் கூப்பிடவில்லை.

புதுப் பெயர் தேடுவது லேசாக இல்லை. மகள் பெயர் அந்த வகுப்பில் ஏற்கெனவே யாரிடமோ இருந்தது. குலசாமி பெயரும் போயிருந்தது. 'சுத்தம்', 'காரம்' மாதிரி பொருளின் குணத்தைச் சொல்லும் பெயர்களைத் தரமாட்டார்கள் என்றார் வக்கீல். கடைசியில் பேச்சியம்மாளே ஒரு சொல் சொன்னார்: "ஒரு தடவை காஞ்சதைத் திரும்ப மோருல முக்கி இன்னொரு வெயில்ல போடுவோம்ல? அதுக்கு நான் மறுவெயிலுன்னு சொல்லுவேன். இருக்கான்னு பாருங்க."

தேடினார்கள். யாரிடமும் இல்லை.

இந்தத் திங்கட்கிழமை மதுரையில் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தோம். பெயர், விலாசம், வகுப்பு எல்லாம் எழுதி முடித்த வக்கீல் ஓர் இடத்தில் நிறுத்தி, ஒரு வரி எழுதி, கையெழுத்துக்காகத் தாளைத் திருப்பி வைத்தார்.

பேச்சியம்மாள் இப்போதெல்லாம் யாராவது படித்துச் சொல்லாமல் கையெழுத்துப் போடுவதில்லை. "இதுல என்ன எழுதியிருக்கு அண்ணே?"

வாசித்தேன். "இந்தப் பேர்ல இதுவரைக்கும் வியாபாரம் பண்ணலை. இனிமேல்தான் பண்ண உத்தேசம்னு எழுதியிருக்கும்மா."

தாளைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். ஏழு வருஷமாக மிளகாய் காயவைத்த வெயில் அவர் முகத்தில் இருந்தது.

"உண்மைதானே" என்று சொல்லிவிட்டுப் பேனாவை வாங்கினார்.

நான் வாசித்த உண்மைகளிலேயே பெரிய பொய் அதுதான்.