சூசைப் பாட்டையாவுடன் திருச்செந்தூர் ரயிலில்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு ரயிலில் போய்வருவது பற்றி எழுதச் சொல்லி இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். அந்தக் கடற்கரைப் பக்கம் மாதாகோயில் சார்பாக நடக்கும் முதியோர் இல்லங்களுக்குப் போனால் என்ன கொண்டுபோகலாம், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்றும் ஒருவர் கேட்டிருந்தார். இரண்டு கேள்விக்கும் என்னிடம் இருப்பது ஒரே பயணம்தான். தொண்ணூறுகளின் நடுவில், மீட்டர்கேஜ் பாசஞ்சர் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் போனது. நேரமும் கட்டணமும் இப்போது மாறிவிட்டன, அதை ஸ்டேஷனில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் பாளையங்கோட்டையில் டீச்சர். கல்யாணமான ஏழாம் மாதம் வீட்டுக்காரர் மஸ்கட் போய்விட்டார். மூன்றாவது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது, லீவு தள்ளிக்கொண்டே போயிற்று. வெள்ளிக்கிழமைகளில் பக்கத்து வீட்டுப் போனுக்குக் கூப்பிடுவார். பேசக் கிடைப்பதே சில நிமிஷம், அதில் பாதி “அப்புறம்?”, “அப்புறம் என்ன?” என்றே போய்விடும். அவர் நல்லபடியாக வந்து சேரட்டும் என்று செந்தூர் முருகனுக்கு நேர்ந்திருந்தேன். பங்குனி வெயில் ஏறுவதற்குள் ஒரு நடை போய்க் கும்பிட்டு வரலாம் என்று ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், பின்தெருவில் இருந்த ஆண்கள் முதியோர் இல்லத்து சிஸ்டர் வீட்டுக்கு வந்தார். அந்த இல்லம் ஒரு மாதாகோயிலைச் சேர்ந்தது. தெருவில் எல்லா வீட்டிலும் அவர்களுக்குப் பிடியரிசி எடுத்துவைப்போம். உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக ஒரு டப்பாவில் போடுவது, வாரக் கடைசியில் வந்து வாங்கிப் போவார்கள். வேதக்கார வீடு, இந்து வீடு என்ற கணக்கெல்லாம் இல்லை. அதில் ஒரு பகுதி இல்லத்து அடுப்புக்கு, மிச்சம் வேலைவெட்டி இல்லாமல் தவிக்கிற குடும்பங்களுக்கு. அந்தப் பழக்கத்தில்தான் சிஸ்டர் உரிமையோடு கேட்டார்.

“டீச்சர், நீங்க செந்தூர் போறீங்கன்னு கேள்விப்பட்டேன். எங்க சூசைப் பாட்டையாவையும் கூட்டிட்டுப் போக முடியுமா? அவரு சம்சாரத்தப் பாக்கணும்.”

சூசைப் பாட்டையாவை எனக்குத் தெரியும். வாசல் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடம் “இன்னைக்குக் காத்து எங்கனருந்து வீசுது பாத்தியளா?” என்று கேட்பவர். செந்தூர்ப் பக்கத்துக் கடற்கரைக்காரர், ஆயுசெல்லாம் வள்ளத்தில் கடலுக்குப் போன ஆள். ஒரு கால் விளங்காமல் போய், தொழிலும் போய், புருஷனும் பெண்டாட்டியும் மகள் வீட்டில் இருந்திருக்கிறார்கள். மகள் வீட்டிலேயே ஒருவேளைச் சோறுதான். அவர்கள் ஊர் மாதாகோயில் பங்குச் சாமியார் பார்த்துவிட்டு இரண்டு பேருக்கும் இடம் வாங்கிக் கொடுத்தார். ஆனால் ஒரே இடமாக இல்லை. ஆஸ்பத்திரி பக்கத்தில் வேண்டும் என்று அவரைப் பாளையங்கோட்டைக்கும், அவர் மனைவி லூர்தம்மாளைத் திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் இல்லத்துக்கும் அனுப்பினார். அதிலிருந்து இரண்டு வருஷம். நடுவில் ஒரு கிறிஸ்துமஸுக்கு ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறார்கள்.

இந்த முறை ஒரு விசேஷம் இருந்தது. பெண்கள் இல்லத்தின் பின்பக்கம் விறகு போட்டுவைத்திருந்த அறையைக் காலி செய்திருந்தார்கள். அங்கே இருவரும் சேர்ந்து இருந்துகொள்ளலாம் என்று அந்த இல்லத்து மதர் சொல்லியனுப்பியிருந்தார். பாட்டையாவைத் தூக்கி உட்காரவைக்க, குளிப்பாட்ட அங்கே ஆண் ஆள் கிடையாது. அதனால் லூர்தம்மாள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் சம்மதிக்க வேண்டும்.

“ஆள்விட்டுக் கேக்கலாம்னேன். நானேதான் போய்க் கேப்பேன்னு பிடிவாதம்” என்றார் சிஸ்டர்.

பாளையங்கோட்டை ஸ்டேஷனில் ஏறினோம். திருநெல்வேலி ஜங்ஷனில் ஏறினால் தாமிரபரணிப் பாலம் பார்க்கக் கிடைக்கும். அவருக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்று, கம்பை ஊன்றவைத்துத் தோள்கொடுத்து இங்கேயே ஏற்றிவிட்டேன். மொத்தம் அறுபது கிலோமீட்டர் சொச்சம், இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. இடதுபக்க ஜன்னலில் உட்காருங்கள். ஆறு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது போகிற வழி தெரியும். வாழை, நெல், மறுபடி வாழை என்று பச்சை கூடவே வரும். வலதுபக்கம் சீக்கிரமே பனையும் செம்மண்ணுமாக மாறிவிடும்.

பாட்டையா வெள்ளை வேட்டி, துவைத்த சட்டை, முந்தினநாள் வெட்டிய முடி. மடியில் ஒரு பொட்டலம் வறுத்த நிலக்கடலை.

“அவளுக்குக் கடலைன்னா உசுரு, டீச்சரு. ராத்திரி ஒரு பொட்டலத்த ஒத்தையில தின்னுருவா.”

செய்துங்கநல்லூர் தாண்டியதும் கேட்கவேண்டியதை ஒத்திகை பார்க்க ஆரம்பித்தார். “ஏளா, ஒரு அறை தாராவளாம், நாம ரெண்டு பேரும் இருந்துக்கிடலாம். இப்படிக் கேட்டாப் போதுமா? இல்ல, மொதல்ல நல்லா இருக்கியான்னு கேக்கணுமா?”

“மொதல்ல நல்லா இருக்கீங்களான்னு கேளுங்க பாட்டையா.”

“அதுவும் சரிதான்.” கொஞ்ச நேரம் கழித்து, “மாட்டேன்னா சொல்லப்போறா?” என்று சிரித்தார். ஸ்ரீவைகுண்டத்திலும் ஆழ்வார்திருநகரியிலும் ஏறின கூட்டத்தில் எங்கள் பெட்டி நிரம்பிவிட்டது. நாசரேத் தாண்டிக் குரும்பூர் வரும்போது காற்றில் உப்பு தெரிந்தது. அவர் பேச்சை நிறுத்திவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் நீட்டிக்கொண்டார்.

திருச்செந்தூரில் இறங்கி, முதலில் இல்லத்துக்கே போய்விடலாம் என்றேன். “நீ சாமியப் பாத்துட்டு வா, தாயி. அவ எங்கன போயிருவா?” என்றார். அவருக்குக் கொஞ்சம் பயம் என்று எனக்குப் பட்டது. கோயிலுக்குப் பக்கத்தில் கடல் தெரிகிற மாதிரி ஒரு நிழலில் உட்காரவைத்துவிட்டுப் போனேன். சனிக்கிழமைக் கூட்டம், வரிசை நகரவே இல்லை. ஒன்றரை மணி நேரமாயிற்று. திரும்பி வந்தபோது, நான் விட்டுப்போன அதே இருப்பில் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டாண்டில் ஆட்டோக்காரர் நாற்பது ரூபாய் கேட்டார். “நம்ம ஊர்க்காரன்ட்டயே இப்படிக் கேக்குதியே, வே” என்று பாட்டையா ஒரு சத்தம் போட்டதில் முப்பதுக்கு இறங்கினார்.

இல்லம் கடலிலிருந்து ஒரு தெரு தள்ளி, ஓட்டுக்கூரையும் பெரிய முற்றமுமாக இருந்தது. கேட்டருகில் இரண்டு பெண்கள் அரிசி வாங்கிக்கொண்டு போனார்கள். இங்கும் பிடியரிசிதான். கூடவே, கரைக்கு வரும் வள்ளங்களில் இல்லத்துக்கென்று கொஞ்சம் மீனை ஒதுக்கிவிடுவார்களாம். அதைத் தினமும் கரைக்குப் போய் வாங்கிவருவது லூர்தம்மாள். நாங்கள் போனபோது முற்றத்தில் மற்ற பாட்டிகளோடு உட்கார்ந்து, அன்றைக்கு எவன் எப்படி ஏமாற்றப் பார்த்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒல்லியான உடம்பு, நல்ல கறுப்பு, எண்ணெய் வைத்துச் சீவின வெள்ளைத்தலை. எங்களைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்று, எழுந்து ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பைய வாங்க, பைய வாங்க. கல்லு கெடக்கு.”

சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பாட்டையா பொட்டலத்தை நீட்டினார். லூர்தம்மாள் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, வாயைத் திறந்து காட்டினார். முன்வரிசையில் ஒரு பல்கூட இல்லை.

“எப்பம்?” என்றார் பாட்டையா.

“தைப் பொங்கலுக்கு முந்தியே எடுத்தாச்சு.”

“எனக்குத் தெரியாதே, ஏளா.”

“தெரிஞ்சு என்ன பண்ணப்போறிய? குடுங்க, இடிச்சுத் தின்னுக்கிடுதேன்.”

நான் நகர்ந்து போகப் பார்த்தேன். “நீயும் இரு, டீச்சரு” என்று பாட்டையா சொல்லிவிட்டார். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்காமல், அறை விஷயத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

லூர்தம்மாள் கடலைத் தோலை ஊதிக்கொண்டே இருந்தார். மதர் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். அவருக்கு அதில் ஆச்சரியம் எதுவும் தெரியவில்லை.

“வேண்டாம்” என்றார்.

“என்னளா சொல்லுத?”

“வேண்டாம்ங்க. ஒங்க அப்பச்சிக்குப் பாத்தேன், அம்மைக்குப் பாத்தேன், பிள்ளைகளுக்குப் பாத்தேன். நீங்க கடலுக்குப் போவியன்னு விடியமுன்ன எந்திச்சுக் கஞ்சி வச்சேன். திரும்பி வாரவரைக்கும் கரையில நின்னேன். கால் போன பெறகு தூக்கித் தூக்கி என் தோள்பட்ட போச்சு. இங்கன வந்த மக்காநாளு, ஒரு சின்ன சிஸ்டரு எனக்குக் காப்பி கொண்டாந்து குடுத்தா. ஒருத்தி போட்ட காப்பிய நான் ஒக்காந்து குடிச்சது அன்னைக்குத்தான். அழுதுட்டேன்.”

லூர்தம்மாள் கடலைப் பொட்டலத்தை மடித்துப் பக்கத்தில் வைத்தார்.

“ஒங்களப் பாக்கணும்னு இருக்கு. தெனமும் இருக்கு. கரையில வள்ளம் ஏறும்போதெல்லாம் ஒங்க தலை தெரியுதான்னுதான் பாக்கேன். ஆனா ஒங்க கூடவே இருந்து பாக்க எனக்குத் தெம்பு இல்ல.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மாசம் ஒருக்க வாங்க. நான் குளிச்சு நல்ல சேல கட்டிட்டு இருப்பேன். அந்த அறைய, ரெண்டு பிள்ளைய வச்சுக்கிட்டு வாடகைக்கு வழியில்லாம ஒருத்தி கேட்டுக்கு வந்து நிக்கா பாருங்க, அவளுக்குக் குடுங்கன்னு மதர்ட்ட சொல்லிட்டேன்.”

மத்தியானம் அவர்கள் கொடுத்த மீன்குழம்புச் சோற்றைப் பாட்டையா தொட்டுவைத்ததோடு சரி. லூர்தம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்து முள் எடுத்துக் கொடுத்தார். அதை மட்டும் வாங்கிச் சாப்பிட்டார்.

சாயங்கால ரயிலில் பாட்டையா ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். கோபம் என்று நினைத்தேன். ஆழ்வார்திருநகரியில் ரயில் நின்றபோது, “அவளுக்குத் தோள்ல அம்புட்டு நோவு இருந்திருக்கு, டீச்சரு. ஒரு நாளுகூட நான் கேக்கல” என்றார். அப்புறம், “ஒம் மாப்பிள்ள வந்தாம்னா நீயும் இப்படித்தான் சொல்லுவியோ?” என்றார்.

“தெரியல பாட்டையா. நாங்க சேர்ந்து இருந்ததே ஏழு மாசந்தானே.”

எனக்கு அன்று அவ்வளவுதான் சொல்ல வந்தது. மஸ்கட்டிலிருந்து வரப்போகிறவருக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியும் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். செய்துங்கநல்லூர் வரைக்கும் யோசித்துப் பார்த்ததில், அவர் காப்பியில் எத்தனை ஸ்பூன் சீனி போடுவார் என்பதுகூட நிச்சயமாக நினைவில் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை போனில் முதல் வேலையாக அதைத்தான் கேட்டேன். கூப்பிட்ட காசுக்கு இதுதான் கேள்வியா என்று சிரித்தார். சொன்னார்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இல்லங்களுக்குப் போவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள், திடுதிப்பென்று போய் நிற்காதீர்கள். பலகாரம் வாங்குமுன் அங்கே இருப்பவர்களால் மெல்ல முடியுமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அரிசி கொடுத்தால் எந்த இல்லத்திலும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். எல்லோரையும் “பாட்டி, பாவம்” என்று பார்க்காதீர்கள், அங்கே இருப்பதே சுகம் என்று இருப்பவர்களும் உண்டு. யாரையாவது கூட்டிப்போனால், அவர்கள் பேசும்போது நீங்கள் அவசரப்படுத்தாத அளவுக்குக் கையில் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். செந்தூரிலிருந்து தெற்கே டவுன் பஸ்ஸும் உண்டு, நடக்க முடியாதவர்களுக்கு ஆட்டோதான் சரி.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை பாட்டையாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நாலு தடவைதான் முடிந்தது. அந்த ஆடியில் வீட்டுக்காரர் வந்துசேர்ந்தார், நாங்கள் மதுரைக்குக் குடிபோய்விட்டோம். பாட்டையாவோடு போக சிஸ்டர் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்.

நான் கூடப்போன கடைசித் தடவை, நாங்கள் மத்தியான ரயிலில் போயிருந்தோம். பின்பக்க அறையில் அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் குடிவந்திருந்தார்கள். பாட்டையா பெரிய பையனுக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தார், லூர்தம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தரிப்பூச் சேலை, தலையில் பிச்சிப்பூ. அறையைப் பற்றிப் பாட்டையா கேட்கவும் இல்லை, லூர்தம்மாள் சொல்லவும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கெல்லாம் ஆட்டோ வந்துவிட்டது.

கேட்டுவரைக்கும் வந்த லூர்தம்மாள், பாட்டையாவை ஏற்றி உட்காரவைத்த பிறகும் ஆட்டோக் கம்பியை விடவில்லை.

“அடுத்த மாசம் மொத ரயில்லயே வந்துருங்க” என்றார். “மத்தியானம் வந்தா பொழுது பத்தமாட்டேங்கு.”

ஆட்டோ தெருமுனை திரும்பியதும், பாட்டையா முன்னால் குனிந்து டிரைவர் தோளைத் தட்டினார்.

“ஏலே, பாளையங்கோட்டையிலருந்து மொத ரயிலு எத்தன மணிக்குலே?”